சின்ன பீஜோவா, பெரிய பீஜோவா?

குமுளியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஜீப்தான் சோறு போடுகிறது. கம்பம், கூடலூரிலிருந்து விடிவதற்கு முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறி, வண்டன்மேடு, அணக்கரை ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப இறங்குகிற வண்டிகள். வயசான மஹிந்திரா என்றால் பெரும்பாலும் சின்ன பீஜோ, பெரிய பீஜோ, டிஐ இந்த மூன்று டீசல் எஞ்சினில் ஒன்றுதான் உள்ளே இருக்கும்.

டிஐயைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. டிராக்டர் எஞ்சின் வழி வந்தது. அளவே அங்குலக் கணக்குதான். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், மூன்றரை அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரம், நாலு அங்குலம். 88.9, 101.6 என்று மில்லிமீட்டரில் வருவது அதனால்தான். 2523 சிசி. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் இருக்கும் குழிக்குள் அடிக்கும், சத்தமும் முரட்டுச் சத்தம்.

குழப்பம் எல்லாம் பீஜோ இரண்டுக்கும் நடுவில்தான். மஹிந்திரா 1979-இல் பிரெஞ்சு கம்பெனி பீஜோவிடம் உரிமம் வாங்கிய எக்ஸ்டிபி 4.90-தான் சின்ன பீஜோ: நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர், 83 ஸ்ட்ரோக், 2112 சிசி. பிற்பாடு வந்த எக்ஸ்டி3பி பெரிய பீஜோ: போர் 94, ஸ்ட்ரோக் 90, 2498 சிசி. இரண்டும் சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டுக்குள் தனி அறையில் எரிக்கிற ரகம், இரண்டுக்கும் ஹீட்டர் பிளக் உண்டு. மேலே எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடக்கும்போது கூடப்பிறந்தவை மாதிரியே இருக்கும்.

வண்டிக்கு எந்த எஞ்சின் வந்ததோ அதுவேதான் இன்றும் இருக்கிறது என்று நம்ப முடியாது. பழைய இரும்புக் கடையிலிருந்து பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பு) வரும், பக்கத்துத் தோட்டத்து வண்டியிலிருந்து ஹெட் வரும். அணக்கரையிலிருந்து வந்த ஒரு ஜீப் ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வேறொரு பட்டறையில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற ஹெட் பேக்கிங்கை மாற்றியதிலிருந்து இப்படி என்றான் டிரைவர். "அண்ணே, ஆர்சி புக்குல 2112-னுதான் இருக்கு" என்றான். "புக்கு கிடக்கட்டும் தம்பி, ஹெட்டைத் தூக்கிப் பாப்போம்" என்றேன். தூக்கினால், 94 போர் பிளாக்குக்கு மேல் சின்ன பீஜோவின் பேக்கிங். ஓட்டையின் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு, சுற்றிலும் கருகி, ஒரு இடத்தில் தண்ணீர் வழி வரைக்கும் எரிந்து போயிருந்தது. பெட்டி மேல் எழுதியிருப்பதைப் பார்த்து பேக்கிங் வாங்குவதற்குப் பதில் ஒரு வெர்னியரைப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் ஏற வேண்டிய வண்டி அது. நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிளாக்கில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்ணை டீசலும் கம்பி பிரஷும் போட்டுக் கழுவி, சாக்பீஸைப் படுக்கைவாட்டில் தேய்த்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் அது எந்த அச்சில் வார்த்தது என்பதைச் சொல்லும், உள்ளே கடைந்த அளவைச் சொல்லாது. வார்த்த தேதி இருந்தால் அது எஞ்சின் பூட்டிய தேதிக்கு முந்தியதாகத்தான் இருக்கும்.

போரையும் தனியாக நம்பக்கூடாது. இதே குடும்பத்தில் பீஜோ 504 காருக்கு வந்த 94 போர், 83 ஸ்ட்ரோக், 2304 சிசி ஒன்றும் உண்டு. அதனால் ஸ்ட்ரோக்கையும் அளப்பேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பிளாக் முகத்திலிருந்து ஆழமானியை வைப்பேன், கொஞ்சம் வெளியே நீட்டினால் அதையும் குறித்துக்கொள்வேன். பிறகு கிராங்கைச் சுற்றி அடிக்குக் கொண்டுபோய் மறுபடியும் அளப்பேன். உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரம் 83-ஆ, 90-ஆ என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. லேத்தில் முகத்தைச் சீவியிருந்தாலும், போரை அரை மில்லி பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தாலும், கிராங்க் ஜர்னலை கிரைண்டிங் பண்ணியிருந்தாலும் அந்தத் தூரம் மாறாது. பேக்கிங்கின் தடிமனைத் தேர்ந்தெடுக்க பிஸ்டன் நீட்டம் எப்படியும் வேண்டும். ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும்.

அளந்ததை பிளாக்கின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிவிடுகிறேன்: போர், ஸ்ட்ரோக், எத்தனை ஓவர்சைஸ் என்று. அடித்த எஞ்சின் நம்பரை ஆர்சி புக்கோடு ஒத்துப் பார்ப்பதும் அப்போதேதான். மாறியிருந்தால் மேற்கொண்டு வேலையைத் தொடும் முன்பே ஓனருக்குப் போன் போட்டு, முதலில் ஆர்டிஓ ஆபீசில் அதைச் சரிபண்ணச் சொல்லிவிடுவேன். ஓனர் வீட்டில் இருப்பார், செக்போஸ்ட்டில் நிற்கப்போவது அந்த டிரைவர் பையன்தான்.