இடைக்கால ஆங்கில இலக்கியம்: கலைச்சொற்களை நான் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கிலத்துக்கோ நெட் தேர்வுக்கோ படிப்பவர்கள் கலைச்சொல் அகராதியை அகர வரிசையில் உருப்போடுவதைப் பார்க்கிறேன். இடைக்காலப் பகுதிக்கு அது வீண் வேலை. ஒரு சொல்லுக்கு ஒரு நூல் என்று கோத்து வைத்துக்கொண்டதுதான் எனக்குக் கைகொடுத்தது. 'பொருத்துக' வகைக் கேள்விக்கு இதுவே போதும்.

யாத்ரீகர்கள் வழியில் கதை சொல்லிக்கொண்டு போகும் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி டேல்ஸ்' ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். மில்லர் (மாவரைப்பவர்) சொல்வது ஃபேப்லியோ, அதாவது கொச்சையான வேடிக்கைக் கதை. சேவலும் நரியும் பேசும் கதை பீஸ்ட் ஃபேபிள் (விலங்குக் கதை). ஃபிராங்க்ளின் (நிலக்கிழார்) சொல்வது பிரெட்டன் லே, அதாவது காதலும் மாயமும் கலந்த சிறு கதைப்பாட்டு. பார்டனர் (பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர்) சொல்லும் கதையில் மூன்று குடிகாரர்கள் சாவைக் கொல்லக் கிளம்புகிறார்கள். மரத்தடியில் பொற்காசுக் குவியலைப் பார்த்ததும் ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறார்கள். பண ஆசையே தீமைக்கெல்லாம் வேர் என்ற பிரசங்கத்துக்கு இந்தக் கதை சான்று. அப்படிச் சான்றாக நிற்பதுதான் எக்ஸெம்ப்ளம். இத்தனைக்கும் பிரசங்கம் செய்கிற ஆளே பணப்பேய்!

யாப்பில் அலிட்டரேஷன் என்றதும் நமக்கு மோனை நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலக் காவியமான 'பேவுல்ஃப்' அடி நடுவில் சிசூரா என்ற நிறுத்தத்தால் இரண்டாகப் பிரியும்; அழுத்தம் விழும் அசைகளின் முதல் ஒலிதான் கணக்கு. நமக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். கடலைத் 'திமிங்கிலப் பாதை' என்பது போல ஒன்றை உருவகத் தொடரால் சுட்டும் கென்னிங்கும் அதே நூலில் கிடைக்கும். 'குதிரை எங்கே, வீரன் எங்கே' என்று 'தி வாண்டரர்' என்ற பழைய ஆங்கிலக் கவிதை, போனவர்களை நினைத்துப் புலம்புவது உபி சுன்ட் ('அவர்கள் எங்கே').

பாப் அண்ட் வீல் என்ற பத்தி அமைப்புக்கு 'சர் கவெய்ன்' என்ற கதைப்பாட்டு. நீண்ட அடிகள் முடிந்ததும் ஒரு துண்டு அடி, அப்புறம் நாலு குட்டி அடிகள். ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தாலே மனதில் தங்கிவிடும்.

சாதாரணச் சொற்களில்தான் கவனம் வேண்டும். தெரியாத சொல்லுக்கு எப்படியும் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் காலை வாரும். சாசரிடம் 'கொராஜ்' பெரும்பாலும் நெஞ்சம், வீரம் அல்ல. 'ஃப்ரீ' என்றால் தாராள மனம். 'சீலி' அப்பாவியையும் புண்ணியவானையும் குறிக்கும், முட்டாளை அல்ல. இவற்றுக்குத் தனி நோட்டு போட்டு, அந்தச் சொல் வரும் அடியையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

நாடகத்துக்கு நேரம் குறைவாக இருந்தால் இரண்டு போதும்: மொராலிட்டிக்கு (நற்பண்பு, தீப்பண்புகளே பாத்திரங்களாக வரும் நாடகம்) 'எவ்ரிமேன்', மிஸ்டரிக்கு (பைபிள் கதை நாடகம்) யார்க், செஸ்டர், வேக்ஃபீல்டு தொகுதிகள்.