‘பல்லாரி’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை

போன ஆவணியில் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் தயாரானது. அதன் திரைகளை வடிவமைத்தது நான். சில்லறைக் கடைக்காரர்கள் ராத்திரியே மறுநாளுக்கு வேண்டிய காய்கறியை ஃபோனில் குறித்து அனுப்பிவிடலாம், விடியற்காலையில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதுவரை எல்லாம் ஃபோன் பேச்சிலும் துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் பேட்டை. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். தெரிந்த உலகம்தானே என்ற தைரியத்தில்தான் வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஆப்பை வெளியே விடுவதற்கு முன் பயன்படுத்தப்போகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். “நூறு பேர்ட்ட கேக்கணுமோ?” என்றார். தேவையில்லை. இந்தத் துறையில் பெரிய பெயரான யாக்கோப் நீல்சன் 2000இல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும், மிச்சப் பணத்தையும் நேரத்தையும் திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரிடம் பார்ப்பதற்குச் செலவிடுங்கள் என்பது அவர் வாதம். நான் ஆறு கடைக்காரர்களைத் தேர்ந்தெடுத்தேன். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் அவரவர் கடைக்கே போய், அவரவர் ஃபோனிலேயே ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். “நாளைக்கு உங்களுக்கு என்ன வேணுமோ அதை இதுல போடுங்க” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது. சொல்லித்தந்த நிமிஷமே சோதனை கெட்டுவிடும்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொல்வது ஒரு பழைய முறை. ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதை எழுதிவைத்தார். நம் ஊரில் அது அப்படியே நடக்கவில்லை. தனியாகப் பேசச் சொன்னால் மனிதர் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். அதனால் பக்கத்தில் மகனையோ மனைவியையோ உட்காரச் சொன்னேன். அவர்களுக்குள் பேச்சுத் தானாக வந்தது, நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வீட்டு ஆட்களோடு பேசுகிறவரிடம் கிடைக்கிற உண்மை என்னிடம் நேராகப் பேசினால் கிடைத்திருக்காது.

முதல் ஆள் முன்னீர்பள்ளத்து அண்ணாச்சி. தேடும் பெட்டியைத் தொட்டார், ‘பல்லாரி’ என்று அடித்தார். திரையில் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. பட்டியலில் நான் ‘பெரிய வெங்காயம்’ என்றுதான் வைத்திருந்தேன். அவர் எழுத்தைச் சரிபார்த்தார். மறுபடி அடித்தார். அப்புறம் மகனைப் பார்த்து, “நாளைக்குப் பல்லாரி வரத்து இல்ல போலடே. மத்த கடைல சொல்லிருவோம்” என்றார்.

இன்றும் அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது. ஆப்பில் கோளாறு என்று அவருக்குத் தோன்றவில்லை. தான் தப்பாக அடித்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை. சரக்கு இல்லை என்று முடிவு செய்து வேறு கடைக்குப் போகத் தயாராகிவிட்டார். கடைக்குள் மூட்டை மூட்டையாக வெங்காயம் கிடக்கும், வியாபாரம் மட்டும் போயிருக்கும், ஏன் போனது என்று முதலாளிக்குத் தெரியவே தெரியாது. நான் எழுதியதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் சந்தையில் புழங்குகிற தமிழ் வேறு. பேட்டையில் பிறந்து, வீட்டில் பல்லாரி என்றே சொல்லி வளர்ந்த நான், திரை என்று வந்ததும் பாடப்புத்தக மொழிக்கு மாறியிருந்தேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்க் கணக்குப்பிள்ளையிடம் பழைய சீட்டுகளைக் கேட்டேன். மூன்று மாதத்துச் சீட்டுகளை ஒரு கோணிப்பையில் போட்டு வைத்திருந்தார். மூன்று ராத்திரி அதையெல்லாம் பிரித்து வாசித்தேன். சின்ன வெங்காயம் எங்குமே இல்லை, எல்லாம் உள்ளி. கொத்தவரங்காய்க்குச் சீனியவரைக்காய். சர்க்கரைவள்ளிக்குச் சீனிக்கிழங்கு. வெண்பூசணிக்குத் தடியங்காய். ஒவ்வொரு காய்க்கும் எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம், எதை அடித்தாலும் சரக்கு கண்ணில் பட வேண்டும் என்று தேடலை மாற்றினோம். திரையில் பெரிதாகத் தெரிகிற பெயர் ஊர்ப்பெயர்தான். ‘முடிவுகள் இல்லை’ என்ற வரியையும் எடுத்துவிட்டோம். இப்போது “இந்தப் பெயரில் எங்களிடம் பதிவு இல்லை. கடைக்கு ஃபோன் செய்து கேளுங்க” என்று வரும், கீழேயே ஃபோன் பொத்தான் இருக்கும்.

பெயர்த் தகராறு எதற்கு, படம் போட்டுவிடலாமே என்றார் முதலாளி. போட்டுப் பார்த்தோம். ஒரே அளவுக் கட்டத்துக்குள் பல்லாரியும் உள்ளியும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே தெரிந்தன. பிறகு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தோம். கை பக்கத்தில் இருந்ததால் எது பெரியது என்று உடனே தெரிந்தது.

மேலப்பாளையத்து அக்கா ஒருவர் போட்ட ஆர்டரை நிறுத்திப் பார்த்தார். ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான். விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. “இதுல எதை அமுக்குனா நிக்கும் தம்பி?” ஆங்கிலத்தில் பழகிய திரையை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கியதன் விளைவு அது. ரத்து என்றால் ஆர்டர் ரத்தா, ரத்து செய்வதே ரத்தா? ‘ஆர்டர் வேண்டாம்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்று மாற்றினோம். அடுத்த சுற்றில் ஒருவரும் அங்கே தயங்கவில்லை.

மரியாதையும் ஒரு சிக்கல். ‘தேடு’, ‘சேர்’, ‘அனுப்பு’ என்று வைத்திருந்தேன், எல்லா ஆப்பிலும் அப்படித்தானே இருக்கிறது. அறுபது வயது அண்ணாச்சியைப் பார்த்து நம் பக்கத்தில் யாரும் ‘தேடு’ என்று சொல்ல மாட்டோம். ஒருவர் முகம் சுருங்கியதைக் கண்ணால் பார்த்தேன். சரி, ‘தேடுங்கள்’ என்று போட்டால் சின்ன ஃபோனில் பொத்தானுக்குள் அடங்கவில்லை. தமிழ் எழுத்து அகலம் கூடியது. ‘தேடுங்க’ என்று வைத்தோம். பேச்சில் வருகிற மாதிரியே இருக்கிறது, இடமும் போதுகிறது.

அளவுக்கு நான் வைத்திருந்தது கூட்டல், கழித்தல் குறிகள். ஒரு தட்டலுக்கு ஒரு கிலோ. நாற்பது கிலோ கத்தரிக்காய்க்கு நாற்பது தட்டல். அதுவும் கீரைக்குத் தண்ணீர் தெளித்த கை. தொடுதிரை விரலின் மின் தன்மையை வைத்துத்தான் தொட்டதை அறிகிறது, ஈரம் பட்டால் அது குழம்பிவிடும். இரண்டு பொத்தானும் ஒட்டி இருந்ததால் கூட்டப் போய்க் கழித்தார்கள். இப்போது தக்காளியைத் தொட்டால் 1 பெட்டி, 2 பெட்டி, 5 பெட்டி என்று பெரிய கட்டங்கள் வரும். பல்லாரிக்கு மூட்டை, மல்லி இலைக்குக் கட்டு. தொடும் இடம் 48 டிபிக்கு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டல். ஈரக் கைக்கு அதுவே பற்றாது என்று இன்னும் பெரிதாக வைத்தோம்.

பதிவுப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று கட்டாயக் கட்டம் இருந்தது. நம்மிடம் இருப்பது இனிஷியல்தான், ஒற்றை எழுத்தை அது ஏற்கவில்லை. கட்டத்தையே எடுத்துவிட்டோம். கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் போதும். சாம்பல் நிற எழுத்து வெயிலில் தெரியவில்லை, மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய் ‘க்’கும் ‘க’வும் ஒன்றாகிவிட்டன. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. கறுப்பில் வைத்தோம்.

என்னை அதிகம் பயப்படுத்தியது அனுப்பும் பொத்தான். பத்தமடைப் பக்கத்துக் கடை ஒன்றில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அமுக்கினார், திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினார். மூன்றாம் தடவையும் அமுக்கினார். எங்கள் சோதனைக் கணக்கில் மூன்று ஆர்டர் ஏறியது. காத்திருப்பதில் மனிதப் பொறுமைக்கு எல்லை உண்டு. ஒரு வினாடி தாண்டினால் சிந்தனை தடைபடும், பத்து வினாடி தாண்டினால் கவனமே போய்விடும் என்று நீல்சன் 1993லேயே எழுதியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் மேல் துளித் தப்பும் இல்லை. தொட்டவுடன் பொத்தான் ‘அனுப்புறோம்’ என்று மாற வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஃபோனிலேயே ஒரு எண் விழுந்துவிடும், மூன்று தடவை வந்து சேர்ந்தாலும் கடைப் பக்கம் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் ஃபோன் போட்டு “வந்துட்டா?” என்று கேட்டார்கள். ‘வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற வரியை யாரும் நம்பவில்லை. கணக்குப்பிள்ளை திறந்து பார்த்ததும் ‘கணக்குப்பிள்ளை பாத்துட்டாரு, 9.40’ என்று வரும்படி செய்தோம். ஆள் பார்த்துவிட்டார் என்றால் நம்புகிறார்கள். அது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சுற்றில் புதிய ஐந்து பேரிடம் பார்த்தோம். தேடல் ஒரு இடத்திலும் வெறுமையாக வரவில்லை. அரைச் சிப்பம் போட மட்டும் இன்னும் தடுமாறுகிறார்கள், அதில் வேலை நடக்கிறது.

சேரன்மகாதேவி ஆச்சி ஒருவர் ஆப்பே வேண்டாம் என்றுவிட்டார். எழுதப் படிக்க வராது, குரல் பதிவு அனுப்பித்தான் பழக்கம். அவர் அனுப்பும் குரலைக் கணக்குப்பிள்ளை கேட்டு உள்ளே பதிவதற்கென்று தனித் திரை ஒன்று செய்தேன். ஆச்சியின் குரல் மேலே ஓடும், கீழே காய்களைத் தொட்டுக்கொண்டே போகலாம். போன வாரம் அதில் ஒரு பதிவு வந்தது. “மார்கழில சிறுகெழங்கு வருமுல்லா, உங்க பொட்டில அது இருக்காய்யா?” இல்லை. சிறுகிழங்கு, சிறுகெழங்கு என்று இரண்டு விதமாகவும், ஆங்கில எழுத்தில் ‘ழ’வை ஆளுக்கொரு மாதிரி அடிப்பதையெல்லாம் சேர்த்தும் அன்றைக்கே ஏற்றி வைத்தேன்.