தஞ்ச மனு மூன்று தடவை தள்ளுபடி ஆன பிறகும் ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்கள்?

"வெளிநாட்டுல ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா பேசாம ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே, எதுக்கு கேஸ் மேல கேஸ்?" மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை, இங்கே இலங்கை அகதி முகாமில் உள்ளவர்களோடு தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள்தான். எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் விளக்கிச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே கோர்ட்டில் தஞ்சம் கேட்ட மனிதனின் கதையை யாரும் முதலிலிருந்து கேட்பதில்லை. தீர்மானித்த அதிகாரி சட்டப்படி தீர்மானித்தாரா, அதை மட்டும்தான் ஜட்ஜ் பார்ப்பார். ஊருக்குப் போனால் உனக்கு ஆபத்து உண்டு, இந்தா விசா என்று சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கேஸ் ஜெயித்தாலும் ஃபைல் மறுபடி விசாரணைக்குத்தான் போகும், அங்கே வேறொருவர் உட்கார்ந்து வேறொரு காரணம் எழுதி மறுபடியும் மறுக்கலாம், அப்புறம் மறுபடி 35 நாளுக்குள் கோர்ட்டில் மனு. வழியே அப்படிப் போட்டிருக்கும்போது அந்த ஆளைப் பிடிவாதக்காரன் என்று சொல்லி என்ன பயன்?

2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 முடியும் வரை படகில் போய்ச் சேர்ந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களை 'ஃபாஸ்ட் டிராக்' என்று தனி வரிசையில் வைத்தார்கள். மறுத்த முடிவை மறுபரிசீலனை செய்ய ஒரு தனி அமைப்பு இருந்தது, அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் காகிதத்தை மட்டும் பார்த்தார்கள், ஆளைக் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை. புதிய ஆதாரம் கொடுப்பதென்றால் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். அந்த அமைப்பை 2024 அக்டோபரில் கலைத்துவிட்டார்கள், ஆனால் அது மறுத்துவிட்டுப் போன பலர் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறார்கள்.

முகாமில் ஓர் அக்கா, அவருடைய தம்பி அங்கே இருக்கிறார். தம்பிக்கு வந்த தள்ளுபடிக் கடிதத்தைப் பக்கம் பக்கமாக வாட்ஸ்அப்பில் வாங்கி என்னிடம் காட்டினார், வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். நம்பர் போட்ட பத்திகள். ஒரு பத்தியில், ராணுவம் பிடித்து வைத்திருந்ததை முதல் நேர்காணலில் சொல்லாமல் பிறகு சொன்னதால் நம்ப முடியவில்லை என்று இருந்தது. மன்னாரிலிருந்து பங்குப் பாதர் கொடுத்த கடிதத்துக்கு ஒரே ஒரு வரி: இதற்குக் குறைந்த மதிப்பே தருகிறேன். அக்கா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, "தம்பி, படகால இறக்கின அண்டைக்கு அவனுக்கு நிக்கவே ஏலாது. யூனிஃபார்ம் போட்டவன் பக்கத்தில நிக்கேக்க ஆமிக்காரன் அடிச்சதை எப்பிடிச் சொல்லுவான்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை அந்த அதிகாரி கேட்டிருக்க வேண்டும்.

திரும்பத் திரும்பப் போனால் என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2011இல் பிரிட்டனுக்குப் போன இலங்கைத் தமிழர் ஒருவர், கையிலும் முதுகிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். தஞ்சம் கிடைப்பதற்காக அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் நினைத்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மை முடிவில் அவருக்கு எதிராகவே சொன்னது. 2019 மார்ச்சில்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அப்படித் தன்னைத்தானே சுட வைத்துக்கொள்வது மிக மிக அரிது, வழக்கைப் புதிதாக விசாரியுங்கள் என்றது. எட்டு வருஷம்! இரண்டாவது தள்ளுபடியோடு அவர் ஓய்ந்திருந்தால், உடம்பில் சூடு வாங்கியவனே பொய்யன் என்ற முடிவு நிலைத்திருக்கும். 2010இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் இரண்டு இலங்கைத் தமிழர்கள் போட்ட வழக்கும் அப்படித்தான், கடலில் பிடித்துத் தீவில் வைத்தவர்களையும் நியாயமான முறைப்படிதான் விசாரிக்க வேண்டும் என்று அதில்தான் தீர்ப்பு வந்தது.

நாளைக் கடத்துவதற்காகவே மனு போடுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், ஜெயிக்காது என்று தெரிந்தே காசு வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைச் சாக்காக வைத்துப் பிரிட்டன் 2022இல் சட்டம் போட்டு, மேல் தீர்ப்பாயம் அப்பீலுக்கு அனுமதி மறுத்தால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் அடைத்தது. அடைத்த வழியில் உண்மையாக அடிபட்டவனும் போக முடியாதே.

நம் கரையில் அப்பீல் போடும் வழியே கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2022இல் இலங்கையில் பசி தாங்காமல் அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டுகளில் வந்து இறங்கிய குடும்பங்களை மண்டபத்தில் தங்க வைத்தோம், சோறு போட்டோம், சரி. ஆனால் நீ அகதி என்றோ இல்லை என்றோ ஒரு முடிவு எழுதிக் கொடுப்பதில்லை, பிறகு எதை எதிர்த்து அப்பீல் போடுவது? 2025 மே மாதம், தண்டனை முடிந்தும் இங்கேயே இருக்க விடுங்கள் என்று கேட்ட ஓர் இலங்கைத் தமிழரிடம், இந்தியா ஒன்றும் சத்திரம் இல்லை என்று நம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் சொந்தம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம்: தள்ளுபடிக் கடிதம் வந்தால் முதலில் தீர்மானத் தேதியைப் பாருங்கள். அந்த 35 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று கோர்ட்டுக்குத் தனியாகக் காரணம் சொல்லி நேரம் கேட்க வேண்டும். அதனால் எல்லாப் பக்கத்தையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.