வேலூரிலிருந்து ஒரு குறுகிய கப்பல் பயணம்: நண்பர்கள் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இரண்டு மூன்று நாள் கடலில் இருந்துவிட்டு வரலாமா என்ற பேச்சு, எங்கள் வேலூர் நண்பர்கள் வட்டத்தில் கோடை முடியும் வேளையில் எழுவது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து கொடியசைத்து அனுப்பி வைத்த பிறகு, இதற்கென்று மும்பைக்கோ கொச்சிக்கோ போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லாமற் போனது. எங்கள் குழுவுக்கான ஏற்பாடுகளை முன்னின்று செய்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ரயில் பயணத்தில் மனம் ஒத்துவரவில்லை என்றால் நடுவில் இறங்கிக்கொள்ளலாம். கப்பலில் அதற்கு வழியே இல்லை. ஆகவே பணத்தைப் பற்றியும் அறையைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசி முடித்த பிறகே முன்பதிவுக்குப் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தேதியைப் பொறுத்தவரை நம் விருப்பத்துக்கு ஓரளவே இடம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருப்பதால், மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் அந்த மாதங்களில் வங்கக் கடலுக்கு வருகிறது. சென்னையிலிருந்து புறப்படும் பயணங்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அமைவதற்கு இதுவே காரணம். அக்டோபர் பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் நம் பக்கத்துக் கடலுக்கு வந்துவிடும். இந்தக் காலக் கணக்கில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லை என்பதால், அழைப்பிதழ் வந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர் குழுவில் இருந்தால், அந்த வாரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் கடையை விட்டு நகர முடியாது. ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் இருப்பவருக்கு மாதக் கடைசி ஒத்துவராது. மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியருக்கு டியூட்டி பட்டியல் போடுவதற்கு முன்பே தேதி தெரிந்தாக வேண்டும். எல்லாருக்கும் வசதியான தேதி என்று ஒன்று தானாக அமையாது. இரண்டு தேதிகளை முன்வைத்து, ஒரு வாரத்துக்குள் பதில் கேட்டு, வருகிறேன் என்று சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மேலே செல்வதே நடைமுறைக்கு ஏற்றது. கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் அமைவதால், குழு இரட்டைப்படையாக இருந்தால் நல்லது. தனியாக ஓர் அறையில் தங்குபவர் ஏறக்குறைய இருவருக்கான தொகையைச் சுமக்க நேரிடும்.

இனி பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் தொகை, நாம் கடைசியில் செலுத்தும் தொகை ஆகாது. அதன்மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான சேவைத் தொகை, ஜிஎஸ்டி எல்லாம் சேரும். பொது உணவகத்தில் மூன்று வேளைச் சாப்பாடும், நீச்சல் குளமும், பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகளும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். குளிர்பானம், மதுபானம், தனி உணவகங்கள், மசாஜ், வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணம் ஆகியவற்றுக்குத் தனியே கொடுக்க வேண்டும். ஆகவே எல்லா வரிகளும் சேர்ந்த இறுதித் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே குழுவில் பேச்சை எடுக்க வேண்டும். பள்ளிக் காலத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இன்று ஒருவருடைய வருமானம் மற்றவருடையதைப் போல இல்லை. எல்லார் முன்னிலையிலும் எவ்வளவு முடியும் என்று கேட்டால், குறைவாகச் சொல்ல வெட்கப்பட்டு ஒருவர் தலையாட்டிவிடுவார். பயணம் முழுவதும் அவர் மனத்தில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவற்றுள் குறைந்த தொகைக்கு ஏற்ற பயணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. வசதி உள்ளவர் தம் கைப்பணத்தில் கூடுதலாக எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். பல மாதங்கள் முன்பே முடிவெடுத்துவிட்டால், நம் ஊரில் சீட்டுக் கட்டுவதைப் போல மாதாமாதம் ஒரு தொகையைச் சேர்த்து வரலாம். கடைசியில் யாருக்கும் சுமை தெரியாது.

கப்பலுக்குள் பணத்தாள் கைமாறுவதில்லை. அறைச் சாவியாகத் தரப்படும் அட்டையைக் காட்டித்தான் எதையும் வாங்க வேண்டும்; செலவுகள் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஒரே அறையில் தங்கினாலும் ஒவ்வொருவரும் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது. பன்னாட்டுக் கடல் எல்லைக்குப் போனதும் திறக்கப்படும் கேசினோவில் யாருக்காவது ஆர்வம் இருந்தால், அது அவரவர் சொந்தப் பணத்தோடு நிற்க வேண்டும். குழுவின் பொதுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அங்கே போகக் கூடாது. பயணத்தை ரத்து செய்தால் புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும் என்பதால், இடையில் விலகுபவர் அந்த இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுவது முறை.

அறை விஷயத்தில் நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். எம்ப்ரஸ் 1990இல் கட்டப்பட்ட கப்பல். முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி வைத்த அறைகள் குறைவு என்பதால் அவை சீக்கிரமே விற்றுவிடும். மற்றவை கடல் தெரியும் சன்னல் உள்ள அறைகளும், சன்னலே இல்லாத உள்ளறைகளும். உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டால் பகல் எது, இரவு எது என்று தெரியாது. ஆழ்ந்து உறங்குபவர்களுக்கு அது பெரிய வசதி; அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்களுக்குத் துன்பம். நால்வர் தங்கும் அறையில் கீழே இரண்டு கட்டில்கள் இருக்கும். இன்னும் இரண்டு படுக்கைகள் சுவரோடு மடங்கியிருந்து, இரவில் பணியாளர் வந்து இறக்கி வைப்பார். அவை இறங்கிய பின் கீழ்க் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். மேலே ஏறச் சிறிய ஏணி இருக்கும். நால்வரின் பெட்டிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளினால்தான் நடக்க இடம் கிடைக்கும். குளியலறையில் ஒருவர் திரும்பினால் முழங்கை சுவரில் படும். நால்வரும் குளித்து உடை மாற்றி இரவு உணவுக்குக் கிளம்புவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது ஆட்களுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் நாற்பதைக் கடந்தவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இருவருக்கு ஓர் அறை என்பதே சரி. குறட்டை விடுபவர்கள் யார் யார் என்று வெளிப்படையாகக் கேட்டு, அவர்களை ஒரே அறையில் சேர்த்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த் தளங்களிலும் ஆட்டம் குறைவாக இருக்கும். முன்முனையிலும் பின்முனையிலும், மேல் தளங்களிலும் அதிகமாகத் தெரியும். தளங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நடன அரங்கத்துக்கு நேர் கீழே அறை அமையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக முன்பதிவு செய்தால் ஒருவர் ஒரு மூலையிலும் மற்றவர் வேறொரு தளத்திலுமாகப் பிரிந்துவிடுவார்கள் என்பதால், ஒருவரே அனைவருக்குமாகச் சேர்த்துப் பதிவு செய்து, அடுத்தடுத்த அறைகள் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் சென்று திரும்பும் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அடையாள அட்டை போதுமானது. இலங்கைக்குச் செல்லும் பயணத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வேலூர்த் தலைமை அஞ்சலகத்தில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கான சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் மேலும் 2,000 ரூபாய் ஆகும். ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயரும் தலைப்பெழுத்தும் இருப்பது நம் பக்கத்தில் மிகவும் சாதாரணம். அதைச் சரிசெய்வதற்கே வாரங்கள் ஆகும் என்பதால், தேதி முடிவான அன்றே எல்லாருடைய அட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. இலங்கைக்கான முன் அனுமதியைக் கப்பல் நிறுவனமே பெற்றுத் தருமா, நாமே எடுக்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல்நலத்தில் பலரும் அஞ்சுவது தலைசுற்றலுக்கும் வாந்திக்கும்தான். ஏலகிரி மலைப் பாதையில் பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்தபின் போடுவதில் பயன் குறைவு. திறந்த தளத்துக்குச் சென்று தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்பதும், வயிற்றைக் காலியாக விடாமல் அளவாகச் சாப்பிடுவதும் உதவும். கருவுற்று 24 வாரங்களைக் கடந்தவர்களைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள், மருந்துச் சீட்டோடு எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். ஏனென்றால் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே அடையாளச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் போன்றவற்றைத் தீ அபாயம் கருதி அனுமதிப்பதில்லை.

வேலூரிலிருந்து துறைமுகத்துக்குச் சாலை வழியே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த நேரத்தில் வண்டி எவ்வளவு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் துறைமுகம் பக்கம்தான். வேலூர் கண்டோன்மென்ட்டிலிருந்து விடியற்காலையில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் பயணிகள் ரயிலும் உண்டு. அந்த நிலையம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. எந்த வாயில் வழியாக உள்ளே நுழைய வேண்டும் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால், வெயிலில் பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க நேரிடும்.

ஏறியவுடன் எல்லாரும் நேரே சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். ஆனால் அன்று தவறவே கூடாதது பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலர் இன்னும் அந்தப் பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை. புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அறைக் கதவின் பின்னால் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்துக்கு ஒருமுறை கூட்டமாக நடந்து பார்த்துவிடுங்கள்.

கரை கண்ணிலிருந்து மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். அதன்பின் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலின் சொந்த ரோமிங் இணைப்பு பிடித்துக்கொண்டால் கட்டணம் மிகக் கடுமையாக வரும் என்பதால், ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் இத்தனை நாள் அழைப்பு வராது என்று சொல்லி, கப்பலின் பெயரையும் முகவரின் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தால் அவர்கள் கலங்க மாட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாத இடத்தில் நண்பர்களைத் தேடி அலைவதும் வீண். நாளில் ஒரு வேளை, பெரும்பாலும் இரவு உணவு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது என்று நேரமும் இடமும் குறித்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அவரவர் விருப்பப்படி இருக்க விட்டுவிட வேண்டும். விடியலில் தளத்தில் நடப்பவரை, நள்ளிரவு வரை ஆடியவர் குறை சொல்லக் கூடாது; எல்லா இடத்துக்கும் எல்லாரும் சேர்ந்தே போக வேண்டும் என்று வற்புறுத்தும் ஒருவரால் மொத்தக் குழுவும் சோர்ந்துவிடும்.

இலங்கைப் பயணத்தில் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதைப் பார்த்தே நான் தேர்வு செய்வேன். அம்பாந்தோட்டையில் இறங்கினால் யால வனவிலங்குப் பூங்காவுக்குப் போகலாம். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவிலேயே போவது பாதுகாப்பு. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கடலை நோக்கி நிற்கும் பாறையின்மேல், சம்பந்தர் பாடிய கோணேசுவரம் இருக்கிறது. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை நகுலேசுவரம் அருகிலேயே இருக்கிறது. நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு ஆண்கள் மேலாடையின்றித்தான் செல்ல வேண்டும் என்பதால் ஒரு வேட்டியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரோடும் ஆட்டோ ஓட்டுநரோடும் நம் மொழியிலேயே பேசி, அவர்கள் ஊர்க் கதையைக் கேட்க முடிவது எனக்கு மற்ற எதையும்விட மகிழ்ச்சி தருவது. யாழ்ப்பாணம் மட்டுமே நோக்கம் என்றால், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலையும், அது ஓடும் நாட்களை உறுதி செய்துகொண்டு, யோசிக்கலாம். இலங்கையின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றேயானாலும், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருந்துவிட வேண்டும்.

திரும்பும் நாளுக்கு முந்தைய இரவே பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் மாத்திரைகளையும் தனியே எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது. அறைக் கணக்கையும் அன்று இரவே வரவேற்பு மேசையில் சரிபார்த்துவிட்டால், காலையில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது என்பதால், காட்பாடிக்குக் காலை ரயிலில் முன்பதிவு செய்ய வேண்டாம். பிற்பகல் ரயிலே பொருத்தம். நடுவில் கிடைக்கும் அந்த நேரத்தில் சென்ட்ரல் பக்கத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்து, குழுவின் பொதுச் செலவைத் தாளில் கூட்டிக் கழித்து, கொடுக்க வேண்டியவருக்கு அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிடலாம். காட்பாடியில் இறங்கியதும் ஆம்பூர்க்காரர் அதே ரயிலில் தொடர்வார், ஆரணிக்காரர் பேருந்துக்கு ஓடுவார், அதன்பின் எல்லாரையும் ஒரே மேசையில் பிடிப்பது கடினம்.