128 பைட்

காலையில் அடாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் கன்சோல் டிவியில் படம் வரைவதை மெதுவாக ஓட்டிக் காட்டிய ஒரு வீடியோ பார்த்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

1977இல் வந்த பெட்டி. ரேம், அதாவது தற்காலிக நினைவகம், 128 பைட்தான், இந்தப் பதிவின் முதல் வாக்கியம்கூட அதில் அடங்காது.

முழுப் படத்தைச் சேமிக்க இடமே இல்லை, அதனால் டிவியில் ஒவ்வொரு கோடு ஓடும்போதும் அதில் என்ன தெரிய வேண்டும் என்று நிரல் அப்போதைக்கப்போதே சொல்லியாக வேண்டும், ஒரு கோட்டுக்குக் கிடைப்பது செயலியின் 76 சுழற்சிகள், அதாவது கடிகாரத் துடிப்புகள். எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

செயலியின் வேகத்தைச் சொல்லும் மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துப் பழைய கன்சோல்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 1982இன் கொலெகோவிஷன் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, அடுத்த வருடம் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் வெறும் 1.79. ஆனால் திரையை வழுக்கிக்கொண்டு நகர்த்தும் வசதி ஃபேமிகாமின் வரைகலைச் சில்லிலேயே இருந்தது, கொலெகோவில் இல்லை.