போட்டோ அப்புறம், முதலில் பாட்டியின் குரல்

பாட்டியின் வாழ்க்கையைத் தொகுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பழைய போட்டோக்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். போட்டோ எங்கும் ஓடிப்போகாது. குரலை அவர் இருக்கும்போதுதான் பிடிக்க முடியும்.

செல்போனே போதும். மின்விசிறியை நிறுத்தி, தெருப்பக்க ஜன்னலை மூடிவிடுங்கள். நம் காதுக்குப் பழகிப்போன இரைச்சல் பதிவில் பூதாகரமாகக் கேட்கும். மெத்தை, துணிமணி நிறைந்த அறையில் எதிரொலி அடங்கும். போனுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, அவரிடமிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் விரல் தட்டுவதுகூடப் பதிவாகும். ஏரோப்ளேன் மோடு கட்டாயம், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். ஒரு நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல" என்பதோடு கதை முடிந்துவிடும். "சின்ன வயசுல இருந்த வீட்டுல, வாசல்லேருந்து உள்ள போனா முதல்ல என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். மனதுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார். யார் எங்கே படுப்பார்கள், எந்தக் கதவு சரியாகச் சாத்தாது என்பதெல்லாம் தானாக வரும். பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் பொதுவாக அழுத்தமாக நிற்கும். வருஷத்தைக் கேட்டுத் திணறடிக்க வேண்டாம். "அப்போ மூத்தவர் பிறந்தாச்சா?" என்று கேட்டால் ஆண்டை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பத்து விநாடி பொறுத்தால் நல்ல விஷயமே அதற்குப் பிறகுதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஆளை (எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு) நாசூக்காக வெளியே அனுப்பிவிடுங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். "இதை எடுக்காதே" என்றால் அணைத்துவிட வேண்டும், அதில் பேரம் கிடையாது.

போட்டோக்களை அடுத்த முறை காட்டி, பதிவு ஓடும்போதே இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் நுழைத்து, மெதுவாக ரம்பம் போல நகர்த்துங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். பதிவுக்கும் படங்களுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில்.

பாட்டி ஏற்கெனவே மறைந்துவிட்டாரென்றால் அவருடைய தம்பி தங்கைகளை, பழைய அக்கம்பக்கத்தாரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். உறவினர் போன்களில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடக்கலாம். விசேஷ வீடியோக்களின் பின்னணியிலும் குரல் இருக்கலாம். யாராவது போன் மாற்றுவதற்குள் வாங்கிவிடுங்கள்.