மூலக் காரணம் யாதெனில்

வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் வழியாக நாங்கள் விடும் மாடி அறையை, அங்கே தங்கியிருந்த விருந்தாளி நேற்று மாலை காலி செய்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வீட்டில் நிலவிய நிம்மதி சாதாரணமானதன்று. என் வீட்டுக்காரர், அதாவது என் கணவர், மேலே சென்று, யாரும் புகார் எழுதாத ஒரு நாற்காலி எப்படி இருக்கும் என்பதை அதில் உட்கார்ந்து சற்று நேரம் அனுபவித்தார்.

அலுவல் பயணிகளைப் பிடித்தே தீரவேண்டும் என்ற மோகம் அவருக்கு எப்படிப் பற்றிக்கொண்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வருகிறவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், ஈரத் துண்டை மெத்தையில் போடுகிறார்கள், வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை அறை சும்மா கிடக்கிறது. வேலையாக வருகிறவரோ வார நாட்களில் வருவார், தனியாக வருவார், காலையில் போய் இரவில் திரும்புவார், நிறுவனம் பணம் கொடுப்பதால் பேரமும் பேசமாட்டார் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் நான் சந்தேகம் தெரிவிக்கும்போதெல்லாம் அவர் வரலாற்றை எடுத்துவிடுவார். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், வடிவமைப்பாளர் மாநாட்டினால் ஓட்டல்கள் நிரம்பிவிட்ட சமயத்தில், தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். ஏர்பிஎன்பி பிறந்தது அப்படித்தான். அந்த மூன்று பேரும் மாநாட்டுக்கு வந்தவர்கள்தானே, ஊர் சுற்றவா வந்தார்கள் என்பார். காற்று மெத்தையில் படுத்தவர்கள் நாற்காலிக் கைப்பிடியின் உயரத்தைப் பற்றிப் புகார் எழுதினார்களா என்று அத்தை ஒருநாள் திருப்பிக் கேட்டார். வரலாற்றில் அதற்குப் பதில் இல்லை.

இருந்தாலும் அறையை மாற்றியாயிற்று. விளம்பரத்தில் முதல் படமாக இருந்த கட்டில் பின்னுக்குப் போய், மேசை முன்னுக்கு வந்தது. 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒழுங்கான எழுத்துமேசை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுழல் நாற்காலி, குனியாமல் கையெட்டும் இடத்தில் பிளக் பாயிண்டுகள், காணொலிக் கூட்டத்தில் முகம் இருண்டு தெரியாமல் இருக்க மேசைக்கு எதிரே 4000 கெல்வின் வெண்ணிற விளக்கு, படுக்கையருகே 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, விமானம் தாமதமாகி நள்ளிரவில் வருகிறவர் எங்களை எழுப்பாமல் உள்ளே போவதற்கு எண் பூட்டு, நிறுவனத்தின் பெயரில் ரசீது என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. இணைய வேகத்தையும் அளந்து போட்டார். எல்லோரும் பதிவிறக்க வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கூட்டத்தில் நம்முடைய முகம் மற்றவர்களுக்கு உறைந்து தெரிவது பெரும்பாலும் பதிவேற்ற வேகம் போதாமல்தான். ஆகவே இரண்டையும் போடவேண்டும் என்றார். அது நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. அந்த வேகம் குறையாமல் மேசைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கீழ்வீட்டிலிருந்த ரௌட்டரையே மேலே கொண்டுபோய் அலமாரியின் மேல் வைத்தார். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும் என்று எங்களுக்கு வகுப்பும் எடுத்தார். கதையின் வில்லன் அறைக்குள் குடிபுகுந்தது அவ்வாறுதான்.

காலையில் போய் இரவில் திரும்புவார்கள் என்பது முதல் மாதத்திலேயே பொய்த்துப்போனது. மேசையும் நாற்காலியும் இணையமும் இவ்வளவு நன்றாக இருக்கும்போது அவர்கள் எதற்காக வெளியே போகவேண்டும்? எல்லோரும் அறையிலேயே இருந்து வேலை பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு படி மேலே போய், நேர்முகத் தேர்வையே எங்கள் மாடியில் வைத்துவிட்டார். பதிவு செய்த ஆளைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்று வீட்டு விதிகளில் தெளிவாக எழுதியிருக்கிறோம். விருந்தினர் என்றால்தான் விதி, விண்ணப்பதாரருக்கு விதி இல்லையே என்றார் அந்தப் புண்ணியவான். காலையிலிருந்து கோப்பும் கையுமாக இளைஞர்கள் வாசலில் நிற்க, அத்தை அவர்களை வரிசையாகத் திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தாய் தந்தை சுகமா, முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று முதற்கட்டத் தேர்வைத் தாமே நடத்தி முடித்தார். மாலையில் மாடிக்குச் சென்று, கோடு போட்ட சட்டைப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறார்கள் என்று பரிந்துரையும் செய்தார். அந்தப் பையனைத்தான் எடுத்தார்களாம். அன்றிலிருந்து, விருந்தாளிகளைக் கையாளுவதில் இறுதி முடிவு தம்முடையது என்று அத்தை அறிவித்துவிட்டார். எங்களில் யாருக்கும் எதிர்த்துப் பேசத் துணிவில்லை.

இப்போது போனவரிடம் அப்படிப்பட்ட அத்துமீறல் எதுவும் கிடையாது. குரலை உயர்த்தியதில்லை, ஒரு கோப்பையை உடைத்ததில்லை, துண்டைக்கூட மடித்துத்தான் வைப்பார். அவருடைய ஆயுதம் எழுத்து. மற்ற விருந்தாளிகள் "நாற்காலி சரியில்லை" என்று சொல்வார்கள். இவர் கூட்டக் குறிப்பு அனுப்புவார். பொருள், விவரம், நடவடிக்கை எடுக்க வேண்டியவர், முடிக்க வேண்டிய நேரம் என்று நான்கு தலைப்புகள். நடவடிக்கை எடுக்க வேண்டியவர் எப்போதும் நாங்கள்தான். குளிர்பதனப் பெட்டி முனகுகிறது என்பது ஒரு குறிப்பு. திரைச்சீலையின் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் நுழைகிறது என்பது இன்னொன்று. அதில் நுழையும் இடத்தை அம்புக்குறியிட்டுக் காட்டிய படமும் இருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு இப்படி ஒன்று வந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் சமாதானம் பேசிவிடலாம் என்று தோன்றும். அது கூடவே கூடாது. பின்னால் வழக்கு என்று வந்தால் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுத்தில் இருப்பதுதான் உறுதியான சாட்சி. ஆகவே நான் எழுதுவேன், அத்தை படித்துத் திருத்துவார், என் வீட்டுக்காரர் அனுப்புவார். கோபத்தோடு எழுதிய முதல் வரியையும் நக்கலாக எழுதிய கடைசி வரியையும் அத்தை நீக்கிவிடுவதால், பெரும்பாலும் "வணக்கம் ஐயா, கவனிக்கிறோம்" என்பது மட்டுமே மிஞ்சும்.

இணையம் நின்ற கதை அவருடைய மூன்றாம் நாள் காலையில் நடந்தது. ஒன்பது மணிக்குத் தலைமையகத்துடன் அவருக்குக் கூட்டம்; எட்டு ஐம்பத்தைந்துக்கு "இணையம் இல்லை, மிக அவசரம்" என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அலமாரியின் மேல் ரௌட்டர் ஒரு விளக்கும் எரியாமல் செத்துக் கிடந்தது. அதன் மின்கம்பி அழகாகச் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அது செருகியிருந்த பிளக்கில் விருந்தாளியின் சவர இயந்திரம் ஊதா விளக்கைக் காட்டிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தூங்கவிடாமல் செய்த ஏதோ ஒரு பெட்டியை அணைத்துவிட்டதாக அவரே சொன்னார். அந்தப் பெட்டிக்கும் இணையத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற எண்ணம், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கும் அந்த மனிதருக்குக் கடைசி வரை தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சவர இயந்திரத்தைப் பக்கத்துப் பிளக்கில் செருகி, ரௌட்டருக்கு உயிர் கொடுத்து, எதையோ பழுது பார்ப்பவரைப் போல அதன் முதுகைத் தடவிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, "இப்போது பாருங்கள் சார்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் குறிப்பு வந்தது. காலையில் இணையத் தடை ஏற்பட்டது, உரிமையாளர் நேரில் வந்து சரிசெய்தார், இதன் மூலக் காரணத்தை ஆராய்ந்து இன்று மாலைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும், மீண்டும் நிகழாமல் தடுக்கும் ஏற்பாட்டையும் குறிப்பிடவும் என்றிருந்தது. நான் உட்கார்ந்து மூன்று வரிகளில் மூலக் காரணத்தை எழுதினேன். அதைவிடச் சுருக்கமாகவும் உண்மையாகவும் நான் எதையும் எழுதியதில்லை. அத்தை மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, "மின் இணைப்பில் ஏற்பட்ட தற்காலிகத் தடங்கல்" என்று எழுதச் சொன்னார். தடுப்பு ஏற்பாடாக, ரௌட்டரின் விளக்குகள் மீது கறுப்பு நாடாவை ஒட்டி, பிளக்கையும் அலமாரிக்குப் பின்னால் மறைத்தோம். "அறிக்கை ஏற்கப்பட்டது" என்று பதில் வந்தது.

இனி இருப்பது மதிப்பெண் மட்டும்தான். இந்தத் தொழிலில் ஐந்துக்கு நான்கு என்பது பாராட்டு அன்று, தண்டனை. சராசரி 4.8-க்குக் கீழே போனால் சிறந்த உரிமையாளர்களுக்குத் தளம் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டம் பறிபோகும். ஒரு நான்கை ஈடுகட்ட நான்கு ஐந்துகள் வேண்டும். மதிப்புரை எழுத இரு தரப்புக்கும் 14 நாள் அவகாசம் உண்டு, மற்றவரும் எழுதும் வரை அல்லது அந்த அவகாசம் முடியும் வரை ஒருவர் எழுதியதைப் பார்க்க முடியாது. ஆகவே நேற்றிரவே அத்தையின் மேற்பார்வையில் "ஒழுங்கும் நேர்த்தியும் உள்ள விருந்தினர்" என்று எழுதி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டு, அவருடையதைத் திறந்தோம். நான்கு. "அறை நன்று. இணையம் ஒருமுறை நின்றது."

அதன் கீழே, எங்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு தனிக்குறிப்பு இருந்தது. இவ்வளவு வசதியான மேசையையும், கேட்டதை உடனுக்குடன் செய்து தரும் மனிதர்களையும் வேறெங்கும் கண்டதில்லை என்றும், ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் அலுவலகத்திலுள்ள எல்லோரும் இங்கேயே வரத் தொடங்கித் தமக்கு அறை கிடைக்காமல் போய்விடும் என்பதால் ஒன்றைக் குறைத்திருப்பதாகவும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அடுத்த மாதத்துக்கு முன்பதிவுக் கோரிக்கையும் உடன் வந்திருந்தது. மேசைக்கு இரண்டாவது திரை ஒன்று வேண்டுமாம். நடவடிக்கை எடுக்க வேண்டியவர், உரிமையாளர்.

என் வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் திரையின் அளவை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அத்தை தனிக்குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "அன்றைக்கு நீ எழுதி நான் அடித்தேனே அந்த மூன்று வரி, அதை வைத்திருக்கிறாயா அம்மா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறேன்.